மலிவான ரப்பரும் விலையுயர்ந்த இரும்பும்: பழைய சிறிய கார் எதனால் வீணாகிறது?

பழைய கார் வாங்கப் போகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். நானும் அப்படித்தான் கேட்டேன். 14 வயதான அந்தச் சிறிய ஹேட்ச்பேக்கின் ஓடோமீட்டர் 62,000 காட்டியது. "ஓட்டமே இல்லாத வண்டி, விட்டுவிடாதே" என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். வண்டியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கைக்கு வந்தது. முந்தைய உரிமையாளர் முதல் எட்டு ஆண்டுகள் ஒவ்வொரு வேலையையும் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதியிருந்தார். அதன்பிறகு பக்கங்கள் வெறுமை. ஆறு ஆண்டுகள் வண்டி பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறது. எழுதியிருந்த பக்கங்களைப் பார்த்து மகிழ்ந்தேனே தவிர, வெற்றுப் பக்கங்களைப் பார்த்துப் பயப்படத் தெரியவில்லை.

வாங்கிய நான்காவது வாரம், ஒரு மேட்டில் ஏறும்போது வெப்பநிலை முள் சட்டென்று உயர்ந்தது. நிறுத்திப் பார்த்தால், ரேடியேட்டரின் மேல் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்திருந்தது. அது காருடன் வந்த அசல் ஹோஸ். விரலால் அழுத்தினால் ரப்பரின் இளக்கம் கொஞ்சமும் இல்லை. காய்ந்த மரப்பட்டை போல இருந்தது. 62,000 கிலோமீட்டர் அதை அப்படி ஆக்கவில்லை. 14 ஆண்டுகள் ஆக்கியிருந்தன.

காருக்கு வயது ஏறுவது இரண்டு கணக்குகளில். ஒன்று ஓடிய தூரம், மற்றொன்று கடந்த காலம். பிஸ்டன் வளையம், பேரிங், கியர்ப் பல், கிளட்ச் தட்டு ஆகியவை தூரத்தின் கணக்கில் தேய்கின்றன. ரப்பர், பிளாஸ்டிக், உள்ளே ஓடும் திரவங்கள் எல்லாம் காலத்தின் கணக்கில் கெடுகின்றன. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை இறுக்கி வெடிக்க வைக்க, கார் ஓட வேண்டிய அவசியமே இல்லை. நின்றிருந்தாலும் பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், பேட்டரித் தட்டுகளில் சல்பேட் படியும், டயர் வயதாகும். ஓடோமீட்டர் முதல் கணக்கை மட்டுமே சொல்கிறது. அதையும் திருத்திவிட ஆட்கள் இருக்கிறார்கள். டிஜிட்டல் எண்கள் வந்த பிறகும் அந்த மோசடி நின்றுவிடவில்லை. பெடல் ரப்பரின் தேய்மானமும் ஓட்டுநர் இருக்கையின் ஓரமும் ஸ்டியரிங் உறையின் வழவழப்பும் எண்ணோடு பொருந்துகின்றனவா என்று பார்ப்பது நல்லது.

உண்மையில், நன்றாக ஆயில் போட்ட ஒரு சாதாரண நான்கு சிலிண்டர் இன்ஜினின் உலோகம் வியக்கத்தக்க அளவு உழைக்கக்கூடியது. ஓடும்போது அச்சும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடையில் மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. தேய்மானத்தில் கணிசமான பகுதி, அந்தப் படலம் இன்னும் உருவாகாத குளிர்ந்த தொடக்கத்தில் நடப்பது. அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த இர்வ் கோர்டன் என்பவர் 1966-ல் வாங்கிய வோல்வோ பி1800 காரில், 2013-ல் 30 லட்சம் மைல்களைக் கடந்தார். ஏறத்தாழ 48 லட்சம் கிலோமீட்டர். இடையில் இன்ஜினைப் பிரித்துச் சீரமைத்தார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் உலோகம் எவ்வளவு தாங்கும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அப்படியானால் பழைய சிறிய கார்கள் ஏன் பாதி வாழ்நாளிலேயே பழைய இரும்புக்குப் போகின்றன? நான் பார்த்தவரை விடை இதுதான்: மலிவான ஒரு பொருள் கெடுகிறது, அது காத்துக்கொண்டிருந்த விலையுயர்ந்த பொருளையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. காரில் எந்த ரப்பர் எந்த இரும்பைக் காக்கிறது என்று தெரிந்துவிட்டால், பராமரிப்பின் பெரும்பகுதி புரிந்துவிடும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு குளிர்விக்கும் அமைப்பு. அதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

இன்ஜினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் காரை நகர்த்துகிறது. மற்றொரு பங்கு புகையோடு வெளியேறுகிறது. மீதியில் பெரும்பகுதியை, இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் என்ற குளிர்விக்கும் திரவம் சுமந்துபோய் ரேடியேட்டரில் இறக்கிவைக்க வேண்டும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட், திறந்த பாத்திரத்தில் ஏறத்தாழ 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அது போதாது. அதனால்தான் அமைப்பு முழுவதையும் மூடி, ஏறத்தாழ 1 பார் கூடுதல் அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த அழுத்தத்தில் கொதிநிலை 125 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பது எது? ரேடியேட்டர் மூடியில் இருக்கும் ஒரு சிறு சுருள்வில்லும் ரப்பர் வளையமும். அந்த வளையம் காய்ந்து அழுத்தம் கசிந்தால், கூலன்ட் அளவு சரியாக இருந்தாலும் மேட்டிலும் நெரிசலிலும் கொதிக்கத் தொடங்கும். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்த மூடியை யாரும் சந்தேகப்படுவதில்லை.

அடுத்தது தெர்மோஸ்டாட். உள்ளே மெழுகு நிரப்பிய ஒரு சிறு குப்பி. பெரும்பாலும் 82 முதல் 90 டிகிரிக்குள் மெழுகு உருகி விரிந்து, கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறக்கும். மூடிய நிலையில் அது சிக்கிக்கொண்டால் இன்ஜின் கொதிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். திறந்த நிலையில் சிக்கிக்கொண்டாலும் கேடுதான். இன்ஜின் ஒருபோதும் சரியான சூட்டுக்கு வராது, பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், ஆயிலில் சேரும் ஈரம் ஆவியாகாமல் சேறாகும். "என் வண்டி சூடாவதே இல்லை" என்று பெருமையாகச் சொல்பவர்களின் தெர்மோஸ்டாட்டைப் பார்க்கச் சொல்வேன். வேறு சிலர் சூட்டுக்குப் பயந்து அதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மூன்றாவது, ரேடியேட்டரேதான். கடந்த சில பத்தாண்டுகளாக வரும் பெரும்பாலான ரேடியேட்டர்களில் நடுப்பகுதி அலுமினியம், இரு ஓரத் தொட்டிகள் பிளாஸ்டிக். இடையில் ரப்பர் வளையம் வைத்து மடித்து இறுக்கியிருப்பார்கள். பிளாஸ்டிக் ஆண்டுக்கணக்கில் சூடாகி ஆறி நொறுங்கும் தன்மையை அடைகிறது. தொட்டியின் நிறம் வெளுத்து, ஓரங்களில் மெல்லிய கோடுகள் ஓடியிருந்தால் அதன் காலம் முடிந்தது என்று பொருள்.

இவற்றில் எது கெட்டாலும் அடி விழுவது, சிலிண்டர்களை மேலிருந்து மூடும் சிலிண்டர் ஹெட்டுக்கு. பழைய சிறிய கார்கள் பலவற்றில் ஹெட் அலுமினியம், கீழே பிளாக் வார்ப்பிரும்பு. அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். அளவான சூட்டில் இந்த வேறுபாட்டை இரண்டுக்கும் இடையிலுள்ள ஹெட் கேஸ்கெட் தாங்கிக்கொள்ளும். சூடு எல்லை மீறினால் ஹெட் வளையும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளைந்தாலே கேஸ்கெட்டால் அடைத்து நிற்க முடியாமல் போகலாம். பிறகு கூலன்ட் சிலிண்டருக்குள் கசியும். புகைக்குழாயில் இனிப்பு வாசனையோடு வெண்புகை வரும். ஆயில் மூடியின் அடியில் வெண்ணெய் போலப் பழுப்பு வெள்ளைக் குழம்பு ஒட்டியிருக்கும். குறுகிய தூரம் மட்டுமே ஓடும் காரில் ஈரத்தாலும் இந்தக் குழம்பு கொஞ்சம் வரும் என்பதால், அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. கூலன்ட் அளவு காரணமில்லாமல் குறைந்துகொண்டே போகிறதா என்று சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. பல கார்களில் வெப்பநிலை முள் உண்மையான சூட்டை அப்படியே காட்டுவதில்லை. ஓட்டுநர் பதறாமலிருக்க, ஒரு பெரிய இடைவெளி முழுவதும் முள் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். முள் அசையத் தொடங்கும்போதே சூடு மிகுந்துவிட்டது. கூலன்ட் முழுவதும் வெளியேறிவிட்டாலோ சென்சாரைச் சுற்றித் திரவமே இருக்காது; முள் இறங்கிக்கூடக் காட்டலாம். ஆகவே முள் வழக்கமான இடத்திலிருந்து சற்று நகர்ந்தாலும் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி இன்ஜினை அணைப்பதுதான் சரி. உடனே நிறுத்த இடமில்லாத சில நிமிடங்களுக்கு, உள்ளே சூடேற்றும் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தால் அது இரண்டாவது ரேடியேட்டராக வேலை செய்யும். சூடான மூடியைத் திறக்கவே கூடாது. 100 டிகிரிக்கு மேலிருக்கும் திரவம், அழுத்தம் போனதும் அந்தக் கணமே கொதித்து முகத்தில் பீறிடும். சூடான இன்ஜினில் குளிர்ந்த நீரையும் ஊற்றக் கூடாது.

அவசரத்துக்கு ஊற்றிய வெறும் தண்ணீரை அப்படியே விட்டுவிடுவதும் மெதுவான கொலைதான். கூலன்டில் கிளைக்கால் மட்டுமில்லை, உலோகம் அரிக்காமல் தடுக்கும் மருந்துகளும் இருக்கின்றன. அவை சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். தண்ணீர் சேர்த்தால் இன்னும் நீர்த்துப்போகும். கூலன்டின் நிறத்தை நம்பிக் கலப்பதும் ஆபத்து. பச்சை, சிவப்பு, நீலம் என்பதெல்லாம் தயாரிப்பாளர் போடும் சாயம். எந்த நிறத்துக்கு எந்த வேதிப்பொருள் என்று பொதுவிதி கிடையாது. கையேட்டில் எழுதியுள்ள வகையைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

ஆக, கிழிந்த என் ஹோஸுக்குத் திரும்பினால்: உடனே நிறுத்தியதால் ஹெட் தப்பியது. மேலும் ஐந்து நிமிடம் ஓட்டியிருந்தால், ஒரு முழ நீள ரப்பர்க் குழாய்க்காக இன்ஜினையே பிரித்திருக்க வேண்டும். அடுத்த வாரமே எல்லா ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் மூடியையும் கூலன்டையும் ஒன்றாக மாற்றினேன்.

டைமிங் பெல்ட் இதே கதையை இன்னும் கொடூரமாகச் சொல்லும். பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் அச்சு இரண்டு முறை சுற்றும்போது, வால்வுகளைத் திறந்து மூடும் கேம் அச்சு சரியாக ஒரு முறை சுற்ற வேண்டும். அந்த இணக்கத்தைக் காப்பது பல கார்களில் கண்ணாடி இழை வைத்த ஒரு பல்வரிசை ரப்பர்ப் பட்டை. பல இன்ஜின்களில், திறந்த வால்வு இறங்கி வரும் இடமும் பிஸ்டன் ஏறி வரும் இடமும் ஒன்றே; பெல்ட்தான் இருவரையும் வேறு வேறு நேரத்தில் அங்கே அனுப்புகிறது. பெல்ட் அறுந்த கணத்தில் கேம் நின்றுவிடும், பிஸ்டன்கள் நிற்காது. வால்வுகள் வளையும், பிஸ்டனின் தலையிலும் அடி படலாம். முன்னறிவிப்பு பெரும்பாலும் இருக்காது. சத்தம் வராது, விளக்கு எரியாது.

அதனால்தான் தயாரிப்பாளர்கள் இதற்குக் கிலோமீட்டரோடு ஆண்டுக் கணக்கையும் சேர்த்துச் சொல்கிறார்கள்: இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். பலரும் "இன்னும் 1,00,000 வரவில்லையே" என்று ஆண்டுகளை மறந்துவிடுகிறார்கள். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு எழுத்தில் சான்று இல்லாத பழைய கார் கைக்கு வந்தால், மாற்றவே இல்லை என்று எண்ணி முதல் வேலையாக மாற்றிவிடுவதுதான் என் பழக்கம். கூடவே பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளைகளையும், அதே பெல்ட் வாட்டர் பம்பைச் சுழற்றுகிறது என்றால் பம்பையும் மாற்றிவிட வேண்டும். பிரித்துப் பூட்டும் கூலிதான் இதில் பெரிது. பம்ப் ஓராண்டு கழித்துக் கசிந்தால் அதே கூலியை மீண்டும் கொடுக்க வேண்டியிருக்கும்.

பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் உள்ள இன்ஜின் என்றால் நிம்மதி என்று நினைப்பவர்கள் பாதிதான் சரி. செயினை இறுக்கி வைத்திருக்கும் டென்ஷனர் பலவற்றில் ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. ஆயில் சேறானாலோ குறைந்தாலோ செயின் தளர்ந்து, காலையில் கிளப்பும்போது சில நொடிகள் கடகடவென்று ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டுப் பழகிவிடுவது பெரிய தவறு.

ஆயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று, ஆனால் அழுத்திச் சொல்ல வேண்டும்: ஆயில் அளவைக் காட்டும் குச்சியை இழுத்துப் பாருங்கள். சிறிய கார் இன்ஜினில் மொத்த ஆயிலே 3 முதல் 4 லிட்டர்தான்; அதில் 1 லிட்டர் குறைவது பெரிய குறைவு. வயதான இன்ஜின் கொஞ்சம் ஆயில் குடிக்கும். வால்வு தண்டின் ரப்பர் சீல்கள் இறுகியிருந்தால், கிளப்பியதும் நீலப்புகை ஒரு கணம் எழுந்து மறையும். பிஸ்டன் வளையம் தேய்ந்திருந்தால் முடுக்கும்போதெல்லாம் தொடரும். குடிப்பது குற்றமில்லை, ஊற்றாமல் விடுவதுதான் குற்றம். முகப்பில் எரியும் சிவப்பு ஆயில் விளக்கை நம்பி இருக்கக் கூடாது. பெரும்பாலான பழைய கார்களில் அது சொல்வது ஆயிலின் அழுத்தத்தை; அளவை இல்லை. அது எரியும் நேரத்தில் பேரிங் ஏற்கெனவே காய்ந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரேக் ஆயில், எல்லோரும் மறக்கும் திரவம். கிளைக்கால் ஈதர் அடிப்படையில் ஆன அது காற்றிலுள்ள ஈரத்தை ரப்பர்க் குழாய்களின் வழியாகக்கூட மெல்ல உறிஞ்சிக்கொள்ளும். டாட் 4 தரத்தின்படி புதிய திரவம் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, 3.7 விழுக்காடு நீர் சேர்ந்த பிறகு அந்த எல்லை 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் சக்கரத்தின் அருகிலுள்ள திரவம் அந்தச் சூட்டை எட்டிவிடக்கூடும். கொதித்தால் ஆவிக் குமிழிகள் உண்டாகும். திரவத்தை அழுத்திச் சுருக்க முடியாது, ஆவியைச் சுருக்கலாம்; பெடல் தரைவரை போகும், கார் நிற்காது. அன்றாடம் ஊருக்குள் ஓட்டும்போது இந்தக் குறை வெளியே தெரியாது என்பதுதான் இதன் கொடுமை. அதே ஈரம், பிரேக் கட்டையை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனையும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பெட்டியின் நுண்ணிய வால்வுகளையும் உள்ளிருந்து அரிக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய ஒரு புட்டி திரவத்தை மிச்சப்படுத்தி, ஏபிஎஸ் பெட்டியை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

சக்கரங்களின் பக்கம் போனால் ஆக்சில் பூட். முன்சக்கரங்களால் இழுக்கப்படும் கார்களில், திரும்பும்போதும் சமவேகத்தில் சுழலும் மூட்டு ஒவ்வொரு முன்சக்கரத்தின் உள்ளும் இருக்கிறது. அதை மூடியிருக்கும் மடிப்பு ரப்பர் உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறிக்கும், மணலும் நீரும் உள்ளே புகும். பிறகு ஸ்டியரிங்கை முழுவதும் ஒடித்துத் திருப்பும்போது டக்டக்கென்று சத்தம். சத்தம் வந்துவிட்டால் உறையை மட்டும் மாற்றிப் பயனில்லை. வெடிப்பு தெரியும் நாளிலேயே மாற்றினால் மூட்டு பல ஆண்டுகள் வரும். சக்கரத்தை உடலோடு இணைக்கும் லோயர் ஆர்ம் புஷ், ஸ்டெபிலைசர் லிங்க், ஷாக் அப்சார்பர் மேல் மவுண்ட் போன்ற பாகங்கள் எல்லாம் இதே இனம். அவை தளர்ந்தால் டயர் ஒருபக்கம் தேயும். சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் மட்டும் திரும்பத் திரும்பச் செய்து பயன் இராது.

மின்சாரக் கோளாறுகளில் மக்கள் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். இந்த இரண்டு எண்களையும் ஒரு சாதாரண மல்டிமீட்டரால் பார்த்துவிட்டால் பாதிப் பேய்கள் ஓடிவிடும். மீதிப் பேய்களில் பல, பச்சை பூத்த பேட்டரி முனையிலோ, இன்ஜினையும் உடற்கூட்டையும் இணைக்கும் அரித்துப்போன எர்த் வயரிலோ குடியிருக்கின்றன.

இன்ஜின் எச்சரிக்கை விளக்கு கொஞ்சம் பொறுமை கேட்கும் விஷயம். 1996 முதல் அமெரிக்காவிலும், 2001 முதல் ஐரோப்பியப் பெட்ரோல் கார்களிலும் ஓபிடி எனப்படும் பொதுவான பரிசோதனை இணைப்பு கட்டாயமானது. உள்ளங்கை அளவுக் கருவியைச் செருகினால் பி0171, பி0420 என்று ஒரு குறியீடு வரும். அந்தக் குறியீடு ஒரு சாட்சியின் வாக்குமூலம், தீர்ப்பு ஆகாது. பி0420 என்றால் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் திறன் குறைவாகத் தெரிகிறது என்று மட்டுமே பொருள். கன்வெர்ட்டர் உண்மையிலேயே கெட்டிருக்கலாம். புகைக்குழாயில் கசிவு இருக்கலாம். ஆக்சிஜன் சென்சார் சோம்பியிருக்கலாம்.

எனக்கு வந்தது பி0171: கலவையில் காற்று அதிகம், பெட்ரோல் குறைவு. நான் கொண்டுபோன பணிமனையில் முதலில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார்கள். விளக்கு திரும்ப எரிந்தது. காற்றின் அளவைப் பார்க்கும் சென்சாரை மாற்றினார்கள். மீண்டும் எரிந்தது. மூன்றாவதாகப் பெட்ரோல் பம்பைச் சொன்னபோது, வண்டியை எடுத்துக்கொண்டு வயதான ஒரு மெக்கானிக்கிடம் போனேன். அவர் எதையும் கழற்றவில்லை. இன்ஜினை ஓடவிட்டு, காது கொடுத்துக் கேட்டு, இன்டேக் குழாயின் பின்புறம் விரலை வளைத்து, ஒரு சிறிய வேக்குவம் ஹோஸைக் கிள்ளினார். இன்ஜினின் ஓசை உடனே சீரானது. சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத குழாய். வளைவில் ஒரு வெடிப்பு. அளக்கப்படாத காற்று அந்த வழியாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. மாற்றிய இரண்டு சென்சார்களும் நல்லவையே. அந்தப் பணம் போனது இன்றும் எனக்கு வலிக்கிறது. "ஐயா, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?" என்று கேட்டேன். "பழைய வண்டியில் முதலில் ரப்பரைப் பார், தம்பி. அப்புறம் வயரைப் பார். கடைசியில்தான் மின்னணுப் பெட்டியைப் பார்க்க வேண்டும்" என்றார். பழைய காருக்கு மெக்கானிக் தேடுகிறவர்கள், எவ்வளவு வேகமாக மாற்றுகிறார் என்று பார்க்காமல், மாற்றுவதற்கு முன் எவ்வளவு நேரம் தேடுகிறார் என்று பாருங்கள்.

இனி எல்லோரும் கேட்கும் பணக் கணக்கு. "காரின் மதிப்பைவிட ரிப்பேர்ச் செலவு அதிகம், தூக்கிப் போடு" என்பார்கள். இந்த ஒப்பீடு தவறான இரண்டு எண்களை எதிரெதிரே வைக்கிறது. 20 வயதான காரின் சந்தை விலை ஏற்கெனவே அடியைத் தொட்டுவிட்டது. இனி இறங்க இடமில்லை. ஒப்பிட வேண்டியது, இந்தப் பழுதுக்குப் பிறகு கிடைக்கப்போகும் ஓட்டத்துக்கு ஆகும் செலவையும், அதே ஓட்டத்தை வேறொரு காரில் வாங்கினால் ஆகும் செலவையும். அந்த வேறொரு கார் புதியதானால், முதல் சில ஆண்டுகளில் இழக்கும் மதிப்பே பெரும் தொகை. பழையதானால், அதன் வெற்றுப் பக்கங்கள் உங்களுக்குத் தெரியாது. என் காரில் எந்த ரப்பருக்கு என்ன வயது என்று எனக்குத் தெரியும். அந்த அறிவு சந்தை விலையில் சேராது. என் கணக்கில் சேரும்.

இந்தக் கணக்கு செல்லாத இடங்களும் உண்டு.

முதலாவது, தாங்கும் உடற்கூட்டில் துரு. சிறிய கார்களுக்குத் தனியாகச் சேஸி கிடையாது. தகடுகளை மடித்து ஒட்டிய உடலே எலும்பு. கதவின் கீழ் ஓடும் சில், தரைத்தகடு, ஷாக் அப்சார்பர் மேலே பொருந்தும் கோபுரம், பின் அச்சு பிடித்திருக்கும் இடம் ஆகியவற்றில் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பின்புறத்தால் அழுத்திப் பார்க்க வேண்டும். நொறுநொறுவென்று உள்வாங்கினால், இன்ஜின் எவ்வளவு இனிமையாக ஓடினாலும் அந்தக் காரை விட்டுவிட வேண்டியதுதான். கதவின் மேல் தெரியும் துருக்கொப்புளம் பார்வைக்கு அசிங்கம், உயிருக்கு ஆபத்தில்லை. பளபளக்கும் புது வண்ணத்தின் கீழே சில் உளுத்திருப்பது உயிருக்கு ஆபத்து. இங்கும் தொடக்கம் அற்பமான ஒன்றிலிருந்துதான்: கதவின் அடியிலும் முன்கண்ணாடியின் கீழும் நீர் வடியும் சிறு துளைகளில் இலைச்சருகு அடைத்துக்கொள்கிறது, தேங்கும் நீர் உள்ளிருந்து அரிக்கிறது. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு குச்சியால் அவற்றைக் குத்திவிடுவது எனக்கு வழக்கம்.

இரண்டாவது, பாதுகாப்பு. இதில் பராமரிப்பால் எட்ட முடியாத ஓர் எல்லை இருக்கிறது என்பதை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். கார்களை மோதவிட்டுப் பாதுகாப்பைச் சோதிக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு தன் 20-ஆம் ஆண்டையொட்டி 2017-ல், 1997-ஆம் ஆண்டு ரோவர் 100 காரையும் 2017-ஆம் ஆண்டு ஹோண்டா ஜாஸ் காரையும் ஒரே விதமாக மோதவிட்டுக் காட்டியது. ரோவரில் ஆள் அமரும் அறையே நசுங்கியது. ஜாஸில் அறை குலையாமல் நின்றது. இரண்டும் சிறிய கார்களே. சறுக்கும்போது தனித்தனிச் சக்கரத்தைப் பிரேக் பிடித்துக் காரை நேராக்கும் மின்னணு நிலைக் கட்டுப்பாடு, பல பழைய சிறிய கார்களில் இல்லை; பிறகு வாங்கிப் பொருத்தவும் முடியாது. நீண்ட நெடுஞ்சாலைப் பயணமே அன்றாட வேலையாக உள்ளவருக்கு, நானே பழைய காரைப் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆனால் செய்யக்கூடியவற்றைச் செய்யாமல் விடக் கூடாது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும்: 2419 என்றால் 2019-ஆம் ஆண்டின் 24-வது வாரம் தயாரானது. வரிப்பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் 10 ஆண்டைத் தாண்டிய டயரில் ஓட்ட வேண்டாம். அதைவிட முக்கியம், ஏர்பேக். டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் ஊதிகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், பல ஆண்டு வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, விரியும்போது உலோகக் கூட்டையே சிதறடித்து மக்களைக் கொன்றது. வாகன வரலாற்றிலேயே மிகப்பெரிய திரும்பப் பெறுதல் அதுதான். உலகெங்கும் கோடிக்கணக்கான ஊதிகள். அவற்றில் மாற்றப்படாமல் இன்னும் ஓடுபவை பழைய கார்களில்தான் இருக்கின்றன, ஏனென்றால் கைமாறிய காரின் புதிய உரிமையாளருக்கு அறிவிப்புக் கடிதம் பல நேரம் போய்ச் சேருவதில்லை. எழுத்தும் எண்ணுமாக 17 குறிகள் கொண்ட காரின் அடையாள எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்திலோ சேவை மையத்திலோ கொடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்; திரும்பப் பெறும் வேலைக்குக் கட்டணம் இல்லை. கார் வாங்கிய முதல் நாளே செய்ய வேண்டியது இது. நான் மூன்றாம் ஆண்டில்தான் செய்தேன்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதில் ஒன்றை மட்டும் சேர்க்கிறேன்: முழுக்கக் குளிர்ந்த இன்ஜினை உங்கள் முன்னால் கிளப்பச் சொல்லுங்கள். நீலப்புகை, செயின் ஓசை, தள்ளாடும் ஓட்டம் எல்லாம் முதல் அரை நிமிடத்தில் வெளிப்படும். சூடான பிறகு பல ஒளிந்துகொள்ளும். நீங்கள் போவதற்குள் வண்டியைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.

என் காருக்கு இப்போது 22 வயது, ஓடோமீட்டர் 1,41,000. அதே நோட்டுப் புத்தகத்தில்தான் நானும் எழுதுகிறேன். இடப்பக்கத்தில் மாற்றியவை, வலப்பக்கத்தில் பார்த்தும் மாற்றாமல் விட்டவை. இந்த வலப்பக்கம் நான் சேர்த்தது. கடைசிப் பதிவு போன வாரம் எழுதியது. இடப்பக்கம்: பின் பிரேக் ஹோஸ் இரண்டு, பிரேக் ஆயில். வலப்பக்கம்: வலது ஆக்சில் பூட், இரண்டாம் மடிப்பில் நுண்ணிய வெடிப்பு, கிரீஸ் கசியவில்லை; அடுத்த ஆயில் மாற்றத்துக்குள் மாற்ற வேண்டும்.